இராத்தூக்கமும் பகல்கோபமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். "வேலைவாய்ப்பைப் பற்றி எழுது" என்றார் ஒருவர். "தொழில்நுட்ப வளர்ச்சி, அதுதான் மலருக்கு அழகு" என்றார் இன்னொருவர். நான் தூக்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "மூணு வருஷமா கடைசி பெஞ்சுல நீ செஞ்ச ஆராய்ச்சியா மாப்ளே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான் என் அறை நண்பன். சிரிக்கட்டும். சிரிப்பும் கோபமும் அழுகையும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் என் கட்டுரையே!

மூன்றாண்டுகளாக விடுதியில் இருக்கிறேன். அங்கே நடந்த சண்டைகளின் காரணங்களைக் கொஞ்சம் பட்டியல் போட்டுப் பார்த்தேன். வாளியை எடுத்தது, சார்ஜரைக் கழற்றியது, லைட்டை அணைக்காதது, "என்னடா முறைக்கிறே?" என்று கேட்டது. இவ்வளவுதான். இவையெல்லாம் ஒரு காரணமா? அடுத்து, சண்டை நடந்த நாட்களைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் எவனும் எவனோடும் கைகலந்ததாக எனக்கு நினைவில்லை. ரெக்கார்டு நோட்டு வைக்கவேண்டிய வாரம், டிராயிங் ஷீட் முடிக்கவேண்டிய வாரம், இன்டர்னல் தேர்வு வாரம். நேரம் பார்த்தால் காலை எட்டரை மணி, குளியலறை வாசல்!

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்பதற்கு முன்னால், நேற்று ராத்திரி அவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேளுங்கள். குணக்கேடு என்று நாம் பெயர் வைப்பதில் பாதி தூக்கக்கேடு. அந்தத் தூக்கக்கேட்டிலும் பாதி அவனுடைய தப்பே இல்லை.

மூளைக்குள் ஒரு கவர்னர்

இயந்திரவியல் படிக்கும் நமக்குக் கவர்னர் என்றால் என்னவென்று தெரியும். எஞ்சின் கட்டுமீறி வேகமெடுக்காமல் பார்த்துக்கொள்வது அது. நம் மூளைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி. ஆபத்து, பயம், கோபம் என்றால் முதலில் துள்ளி எழுவது இதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, "பொறு, இது அவ்வளவு பெரிய விஷயமில்லை" என்று அதை அடக்கி வைக்கிறது. அதுதான் நம் கவர்னர்.

2007ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 26 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினரை 35 மணி நேரம் தூங்காமல் விழித்திருக்கச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் தூங்கினார்கள். பிறகு சாதாரணமான படங்களில் தொடங்கி மனதை உலுக்கும் படங்கள்வரை எல்லோருக்கும் காட்டி, மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். தூங்காதவர்களின் அமிக்டலா மற்றவர்களுடையதைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதோடு, அதற்கும் முன்மூளைக்கும் இருக்கவேண்டிய தொடர்பும் தளர்ந்து போயிருந்தது. அதாவது எஞ்சின் ரேஸ் ஆகிறது, கவர்னர் வேலை செய்யவில்லை!

இப்போது யோசித்துப் பாருங்கள். "என்னடா முறைக்கிறே?" என்று கேட்டவன் கண்ணுக்கு எதிராளி முறைப்பதாகத்தான் தெரிந்திருக்கிறது. எதிராளியும் தூங்காமல் கண் எரிந்துபோய் நின்றிருக்கிறான், பாவம்.

இன்னொன்றும் உண்டு. தூக்கம் என்பது சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே மாதிரி இருட்டு அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்கள் சில நேரங்களில் வேகமாக அசைகின்றன, அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவைச் சொல்கிறார்கள் என்பதே அது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். பகலில் பட்ட மனக்காயங்களின் கூர்மையைக் கனவுத் தூக்கம் மழுக்குகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறவன் நாலு மணி நேரத்தை மட்டும் இழக்கவில்லை. மனசைத் துடைத்துக் கொடுக்கும் கடைசி ஷிப்டையே ரத்து செய்துவிடுகிறான்.

பழகிப் போச்சு என்பவர்களுக்கு

"எனக்கெல்லாம் அஞ்சு மணி நேரம் போதும்டா, பழகிப் போச்சு" என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்காகவே நடந்ததுபோல் ஒரு ஆய்வு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்டது. தினமும் 6 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டு, இரண்டு வாரம் பார்த்தார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது அவர்களுடைய கவனமும் நினைவாற்றலும், ஒன்றிரண்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு அவ்வளவு பாதிப்பு இருப்பதாக அவர்களுக்கே தெரியவில்லை!

இதில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்திருக்கிறோமே! ஒரே தடவையில் உடைக்க முடியாத கம்பியை, சின்னச் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியே உடைத்துவிடலாம். உடைகிற நாள்வரை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழகிப் போச்சு என்று அந்தக் கம்பியும் நினைத்திருக்கும்.

18 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம், 14 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட பரிந்துரை. பத்தாம் வகுப்பு முடித்து நேரே வந்து சேர்ந்த நம் முதலாண்டுத் தம்பி தங்கைகள் இந்த இரண்டாவது கணக்கில் வருபவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எட்டு மணி நேரம் கேட்பது அவர்களுடைய உடம்பு. "சோம்பேறி" என்று சொல்வது நாம்.

மனசு கெட்டால் தூக்கம் கெடும்

இதுவரை சொன்னது ஒருவழிப் பாதை. இந்தச் சாலை இருவழிச் சாலை.

நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாத நாள் 2018 நவம்பர் 16. அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், உள்ளே வந்து நம் பகுதியையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், கறம்பக்குடி என்று வரிசையாகத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம்.

எங்கள் அப்பா அதிர்ந்து பேசாதவர். புயலுக்குப் பிறகு வந்த நாட்களில் அவர் வேறு ஆளாகிவிட்டார். குழம்பில் உப்பு குறைந்தால் கோபம், மாடு கத்தினால் கோபம், நான் புத்தகத்தை எடுத்தாலும் கோபம், எடுக்காவிட்டாலும் கோபம். ராத்திரி நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் திண்ணையில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாரோ, கடனை எண்ணிக்கொண்டிருந்தாரோ! என் அப்பத்தாதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அவன் பேசலய்யா, தூங்காத கண்ணு பேசுது. நீ மனசுல வச்சுக்காதே" என்றது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கிழவி அது. மேலே நான் சொன்ன 2007ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் முடிவும் கிட்டத்தட்ட அதேதானே!

கவலை தூக்கத்தைத் திருடுகிறது. தூக்கம் போனதும் சின்னக் கவலை பெரிய கவலையாகத் தெரிகிறது. அது அடுத்த ராத்திரியையும் திருடுகிறது. செக்குமாடுபோல் இதே வட்டம். இந்த விஷயத்தில் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு மதிப்பீடு வந்தது. மனச்சோர்வு நோய் இல்லாமல் தூக்கமின்மை மட்டும் உள்ளவர்களுக்கு, பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு நன்றாகத் தூங்குகிறவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அதன் முடிவு. ஆகவே தூக்கமின்மை என்பது மனக்கஷ்டத்தின் வால் மட்டும் அல்ல. பல சமயம் அதற்கு முன்னால் நடந்து வரும் கட்டியக்காரன்.

நமக்குக் கஜா தினமும் வருவதில்லை. ஆனால் அரியர் வருகிறது. ஃபீஸ் கட்டவேண்டிய கடைசித் தேதி வருகிறது. "பக்கத்து வீட்டுப் பையன் கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டானாமே" என்ற போன் வருகிறது. இவையெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் தலையணைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

தூங்குகிறவன் சோம்பேறியா?

"தூங்காதவனே ஜெயிப்பான்" என்பது நம் ஊரில் வேதவாக்கு மாதிரி. வள்ளுவரே அழிவுக்கு அழைத்துப் போகும் நான்கு கலங்களில் தூக்கத்தை ஒன்றாக வைக்கவில்லையா என்று மடக்குவார்கள். 1958இல் வந்த நாடோடி மன்னன் படத்தில் பட்டுக்கோட்டையார் தம்பிக்குச் சொன்ன புத்திமதி என்ன என்றும் கேட்பார்கள். நான் சொல்கிறேன்: இருவருமே சோம்பலைத்தான் கண்டித்தார்கள். காலம் கடத்துதல், மறதி, சோம்பல் என்ற கூட்டத்தோடு வரும் தூக்கம்தான் வள்ளுவர் சொன்னது. பாட்டாளிகளின் கவிஞரான பட்டுக்கோட்டையார், பகலெல்லாம் உழைத்தவன் ராத்திரி படுப்பதைக் குறை சொல்வாரா?

நம் சித்தன்னவாசலுக்குப் போயிருப்பீர்கள். குகை ஓவியத்தோடு திரும்பிவிடாமல் ஏழடிப்பட்டமும் ஏறிப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துள்ள இடம் அது. சமண முனிவர்களுக்காகப் பாறையில் செதுக்கி வழவழப்பாக்கிய படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலைமாட்டில் தலையணைபோல் கொஞ்சம் மேடாகவும் விட்டிருக்கிறார்கள். வீட்டைத் துறந்து, சொத்தைத் துறந்து, சிலர் உணவையும் துறந்து உயிர் விட்ட இடம். அப்படி எல்லாவற்றையும் உதறியவர்களுக்கும் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மூன்றாண்டு டிப்ளமோ படிக்கும் நமக்கு வேண்டாமா?

சென்னையில் நடந்த ஒரு சோதனை

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்று ஒரு பழமொழி உண்டு. தூக்கம் வந்தால் கட்டாந்தரையிலும் வந்துவிடும், மெத்தை வேண்டியதில்லை என்பது பொருள். நானும் இதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். சென்னையில் நடந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

குறைந்த வருமானமுள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு அமர்த்தி, அவர்களுடைய தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியால் அளந்தார்கள். பெசோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, டோமா என்ற ஐந்து பொருளாதார அறிஞர்கள் நடத்திய இந்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் தெரிந்த முதல் செய்தி: அவர்கள் படுக்கையில் இருந்தது ஏறக்குறைய 8 மணி நேரம், தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான்! வெக்கை, கொசு, சத்தம், இடநெருக்கடி என்று ராத்திரி முழுவதும் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்துகொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். சிலருக்குக் கண்மறைப்பு, காது அடைப்பான், மெத்தை போன்றவற்றைக் கொடுத்தார்கள். ஆலோசனை சொன்னார்கள். கூடுதலாகத் தூங்கினால் பணம்கூடக் கொடுத்தார்கள். ராத்தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநிலையிலோ குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை! ஏன்? அவர்கள் கூடுதல் நேரம் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். தூக்கம் கலைவது குறையவில்லை.

மூன்றாவது செய்திதான் நமக்கு வேண்டியது. இன்னொரு பிரிவினருக்கு மத்தியானம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் அமைதியாகக் கண்ணயர இடம் கொடுத்தார்கள். அதே நேரத்தைச் சும்மா ஓய்வாகக் கழித்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுடைய வேலைத்திறன் கூடியது, கவனம் கூடியது, மனமும் தெளிவாக இருந்தது. குட்டித் தூக்கம் என்று நாம் கேலி செய்கிறோமே, அதற்குக் கிடைத்த சான்றிதழ் இது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். "சீக்கிரம் படு" என்ற உபதேசம் மட்டும் போதாது. எங்கே படுக்கிறோம், எத்தனை தடவை எழுப்பப்படுகிறோம் என்பதும் கணக்கு. நித்திரைக்கும் சுகம் வேண்டும் ஐயா!

நம் ராத்திரிகள்

இப்போது நம் கதைக்கு வருவோம். பொன்னமராவதி, இலுப்பூர், அறந்தாங்கிப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களிலிருந்து வரும் நண்பர்கள், முதல் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இல்லை என்று விடியுமுன்னே எழுகிறார்கள். கல்யாண சீசனில் கேட்டரிங் வேலைக்குப் போகும் நண்பர்கள் ராத்திரிப் பந்தி முடித்து, பாத்திரம் ஏற்றி, இரண்டு மணிக்குப் படுத்து, காலை வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் வகுப்பில் தூங்கினால் நாம் சிரிக்கிறோம். அந்தக் காசுதான் அவர்களுடைய தேர்வுக் கட்டணம் என்பது நமக்குத் தெரியாது.

நம் தோழியர் கதை இன்னும் கொஞ்சம் கனம். அண்ணன் தம்பி படித்தால், "புள்ள படிக்குது, சத்தம் போடாதே" என்கிற வீட்டில், பெண் படித்தால் ராத்திரிப் பாத்திரமும் அவளுக்குத்தான், காலைக் கோலமும் அவளுக்குத்தான். கடைசியாகப் படுத்து முதலில் எழுகிற பிள்ளையிடம், "ஏன் இப்பல்லாம் சிடுசிடுன்னு இருக்கே?" என்று கேட்பது நியாயமா?

விடுதியைச் சொல்லவே வேண்டாம். ஒரு ஃபேன் சுற்றும், ஒன்று சுற்றுவதாகப் பாவனை செய்யும். சித்திரை வெயிலை நாளெல்லாம் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பி நம்மேல் விடும். ஏப்ரல் மாதத் தேர்வும் திருவிழாக் காலமும் ஒன்றாக வரும். ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணிவரை தடை என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழா நாட்களில் சிலவற்றுக்கு மட்டும் பன்னிரண்டு மணிவரை அரசு அனுமதி தரலாம். அதற்குமேலும் குழாயை அலறவிடுவது பக்தியில் சேராது. தேர்வு எழுதப் போகும் பிள்ளையும் அம்மனுடைய பிள்ளைதானே!

நம் கையில் இருக்கும் குழாயையும் சொல்லவேண்டும். செல்போன்! "ஒரே ஒரு ரீல்ஸ்" என்று தொடங்குவது ஒரு மணிக்குத்தான் முடிகிறது. அதில் வரும் சண்டையும் அழுகையும் பொறாமையும் ஏற்கனவே களைத்துப்போன மனசில்தான் போய் இறங்குகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீயும் அப்படியே. டீயிலுள்ள காஃபினில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். டீ குடித்து முழித்துப் படித்துவிட்டு, படுத்தபிறகு தூக்கம் வரவில்லையே என்றால் எப்படி வரும்?

இன்னொரு பக்கம், நம் வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடுகிறது என்பதும் உண்மை. உடலுக்குள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். பதின்வயதில் தூக்கம் தாமதமாக வருவதும், காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுவதும் இயற்கை. வீட்டுப் பெரியவர்கள் இதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

விளையாட்டில்லை!

கோபம் வந்தால் சண்டை, சண்டை தீர்ந்தால் டீ என்று முடிந்துவிட்டால் நான் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. நாம் இயந்திரத்தோடு பழகுகிறவர்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கண்டது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் செயல்படும் திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவருக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் எல்லையே 30 மில்லிகிராம்தான். காலை ஐந்துக்கு எழுந்தவன் ராத்திரி பத்து மணிக்குமேல் பைக் எடுத்தால் என்ன நிலையில் எடுக்கிறான் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஊதிப் பார்க்கும் கருவி இதைக் காட்டாது.

ஒர்க்‌ஷாப்பில் சக்கில் சாவியை மாட்டியபடியே லேத்தை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். ராத்திரி தூங்காதவனுக்கும், "பார்த்துக்கலாம் விடு" என்ற அசட்டுத் துணிச்சல் வருகிறவனுக்கும் அந்தச் சாவி ஞாபகம் இருக்குமா? நாளை திருச்சியிலோ ஓசூரிலோ ஒரகடத்திலோ நைட் ஷிப்டு பார்க்கப்போவதும் நாம்தான். தூக்கத்தை மதிக்கக் கற்றுக்கொள்வதும் நம் தொழிற்கல்வியின் ஒரு பாடம்தான். பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை.

என்ன செய்யலாம்?

2012 பிப்ரவரியில், டில்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் போலீசார் கலைத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி பி.எஸ். சௌகான், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் தூக்கமும் அடங்கும் என்று எழுதினார். ஆகவே மாணவர் சங்கம் நிர்வாகத்திடம் இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. உரிமையைத்தான் கேட்கிறோம்.

என் யோசனைகள் நான்கு. ஒன்று, மதிய இடைவேளையில் விடுதியைப் பூட்டாமல் திறந்து வைக்கவேண்டும். வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பறையை அமைதி அறையாக ஒதுக்கவேண்டும். அரை மணி நேரம் போதும். அதற்குமேல் தூங்கினால் ராத்தூக்கம் கெடும். இரண்டு, ஜன்னலுக்குக் கொசுவலையும் ஓடுகிற ஃபேனும் தேர்வுக் காலத்துக்கு முன்பே வந்துவிடவேண்டும். மூன்று, எல்லாத் துறை ரெக்கார்டும் ஒரே வாரத்தில் கேட்கப்படுவதை மாற்றித் தேதிகளைப் பிரித்துப் போடவேண்டும். நான்கு, விடுதியில் ராத்திரி பத்தரைக்குமேல் சத்தமில்லை என்பதை வார்டன் சார் விசிலுக்குப் பயந்து செய்யாமல், நாமே கூடி முடிவு செய்து நடத்தவேண்டும். முதல் மூன்றும் பிறரிடம் கேட்பது. நான்காவது நம் கையில். அதைச் செய்துவிட்டுப் போய்க் கேட்டால்தான் மற்றதற்கு மரியாதை.

நண்பர்களாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. கோபத்தில் ஒருவன் கத்தினால் பதிலை மறுநாளைக்குத் தள்ளிப் போடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு எந்த முக்கிய முடிவும் எடுக்காதீர்கள். படிப்பை விடுவது, நட்பை முறிப்பது, அப்பாவுக்குக் காரமாக மெசேஜ் அனுப்புவது எல்லாம் விடிந்தபிறகு செய்தாலும் கெட்டுப் போகாது. விடிந்தபிறகு பெரும்பாலும் செய்யவேண்டியிருக்காது!

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால் கேலி செய்யாதீர்கள், புத்திமதியும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போய் மனநல மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். 2022 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்?

தோழர்களே! படிப்பதற்காகத் தூக்கத்தை விடு என்றுதான் இதுவரை எல்லோரும் நமக்குச் சொன்னார்கள். படித்தது தலையில் நிற்கவும், பக்கத்தில் இருப்பவன் நண்பனாகத் தெரியவும், நாளை என்பது பயமாக இல்லாமல் இருக்கவும் தூங்கு என்று நான் சொல்கிறேன். இந்த மலரைத் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து மூடி வையுங்கள். மீதிக் கட்டுரைகள் எங்கேயும் ஓடிப்போகாது. காலையில் படிக்கலாம்.